மக்கள் முன்மொழிவு உரிமை: சுவிற்சர்லாந்தின் சட்ட ஏற்பாடுகளும் சிறுபான்மையினர் கற்க வேண்டிய பாடமும்

கையெழுத்து வேட்டை என்பது எமது மக்களுக்குப் புதியதொன்றல்ல. காணி விடுவிப்பு, காணாமல் ஆக்கப்பட்டோர் விவகாரம், கைதிகளின் விடுதலை எனப் பல்வேறு கோரிக்கைகளை முன்வைத்துப் பஸ் நிலையங்களிலும் சந்தைகளிலும் கோயில் வீதிகளிலும் பள்ளிவாசல் முன்றல்களிலும் மேசையிட்டுக் கையெழுத்துப் பெறுவதை நாம் பல தடவைகள் கண்டிருக்கின்றோம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கக் கோரி 2022 ஆம் ஆண்டில் வடக்கிலிருந்து தெற்கு வரை அவ்வாறானதொரு கையெழுத்து இயக்கம் நடத்தப்பட்டது. ஆயினும், இவ்வாறு திரட்டப்படும் கையெழுத்துக்கள் மகஜராகக் கையளிக்கப்பட்டு, புகைப்படம் எடுக்கப்பட்டதன் பின்னர் அவற்றுக்கு என்ன நேர்கின்றது என்ற வினாவுக்கு எவரிடமும் விடையில்லை. பத்துப் பேர் ஒப்பமிட்டாலும் பத்து இலட்சம் பேர் ஒப்பமிட்டாலும், அந்த மகஜரின் மீது சர்வஜன வாக்கெடுப்பு நடத்த வேண்டிய கடப்பாடு எமது நாட்டில் எவருக்கும் இல்லை.

இதற்கு நேர்மாறாக, குறித்த எண்ணிக்கையான வாக்காளர்கள் குறித்த முறையில் ஒப்பமிட்டால், அரசியலமைப்பையே திருத்துவதற்கான வாக்கெடுப்பை நடத்தியே ஆக வேண்டும் என்று சட்டத்தால் கட்டாயப்படுத்தப்பட்ட நாடாகச் சுவிற்சர்லாந்து விளங்குகின்றது. 1980 களிலிருந்து எமது உறவுகள் புகலிடம் தேடிச் சென்ற நாடுகளுள் அதுவும் ஒன்று. இன்று ஏறத்தாழ ஐம்பதினாயிரம் தமிழர் அங்கு வாழ்வதாக மதிப்பிடப்படுகின்றது. அவர்களுள் கணிசமானோர் அந்நாட்டின் குடியுரிமை பெற்று, இந்த உரிமையைத் தாமும் கையாளும் நிலையில் உள்ளனர்.

அந்நாட்டின் ஜனநாயக முறைமையை எடுத்துக்காட்டி, மக்களே நேரடியாகச் சட்டம் இயற்றும் உரிமை எமது நாட்டிலும் வேண்டும் என்று சொல்வோர் உளர். கேட்பதற்கு இனிமையான அக்கோரிக்கையை எண்ணிக்கையிற் சிறுபான்மையினரான தமிழரும் முஸ்லிம்களும் சற்று நிதானித்தே எடைபோட வேண்டியுள்ளது. ஏனெனில், இவ்வுரிமையின் உண்மையான பெறுமதி எத்தனை கையொப்பங்கள் தேவை என்பதில் அல்ல. எவற்றைக் கேட்க முடியாது என்ற வரம்பிலேயே தங்கியுள்ளது. இதனை விளங்கிக்கொள்வதற்கு முதலில் சட்டம் என்ன கூறுகின்றது என்பதைப் பார்ப்போம்.

மூன்று வேறுபட்ட உரிமைகள்

சுவிற்சர்லாந்தில் மூன்று உரிமைகள் தெளிவாகப் பிரித்து நோக்கப்படுகின்றன. முதலாவது மனுச் செய்யும் உரிமை. சமஷ்டி அரசியலமைப்பின் 33 ஆவது உறுப்புரையின்படி, எவரும் அதிகாரிகளுக்கு மனுச் செய்யலாம். அதன் காரணமாக அவருக்கு எவ்விதப் பாதிப்பும் நேரக்கூடாது. அதிகாரிகள் அம்மனுவைக் கவனத்திற் கொள்ள வேண்டும். இதற்குக் குடியுரிமையோ வயதெல்லையோ குறைந்தபட்சக் கையொப்பங்களோ தேவையில்லை. நேற்று வந்திறங்கிய அகதிக்கும் இந்த உரிமை உண்டு. ஆனால் அம்மனுவின் மீது வாக்கெடுப்பு எதுவும் நடைபெறாது.

இரண்டாவது, பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு இழுக்கும் உரிமை. சட்டம் உத்தியோகபூர்வமாக வெளியிடப்பட்டு 100 நாட்களுக்குள் 50,000 வாக்காளர்கள் ஒப்பமிட்டால், அச்சட்டம் நடைமுறைக்கு வருமுன்னர் மக்களின் தீர்ப்புக்கு விடப்பட வேண்டும். இது ஒரு தடுப்புக் கருவி.

மூன்றாவதே நாம் இங்கு ஆராய முற்படும் மக்கள் முன்மொழிவு உரிமை. பாராளுமன்றம் எண்ணிப் பாராத அல்லது எண்ணிப் பார்க்க விரும்பாத ஒரு விடயத்தை, வாக்காளர்கள் தாமாகவே அரசியலமைப்புத் திருத்தமாக எழுதி முன்வைக்கும் உரிமை இது. அரசியலமைப்பு முழுவதையும் மாற்றக் கோரும் உரிமை 1848 ஆம் ஆண்டிலேயே வழங்கப்பட்டது. குறித்த உறுப்புரை ஒன்றை மாத்திரம் சேர்க்கவோ மாற்றவோ கோரும் உரிமை 1891 இல் வந்தது. அன்று 50,000 கையொப்பங்கள் போதுமானவையாக இருந்தன. 1971 இல் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்து வாக்காளர் தொகை பெருகியதன் பின்னர், 1977 இல் இத்தொகை ஒரு இலட்சமாக உயர்த்தப்பட்டது. இன்றைய வாக்காளர் தொகை ஏறத்தாழ 55 இலட்சம். எனவே, வாக்காளர்களுள் நூற்றுக்கு இருவருக்கும் குறைவானோர் ஒப்பமிட்டாலே போதுமானது.

முன்மொழிவை ஆரம்பிப்பதற்கான நிபந்தனைகள்

இவ்வுரிமையின் நடைமுறையை 1976 டிசம்பர் 17 ஆம் திகதிய அரசியல் உரிமைகள் பற்றிய சமஷ்டிச் சட்டம் விரிவாக வகுத்துள்ளது. அதன்படி, மேசையை இட்டுக் கையெழுத்துப் பெறத் தொடங்குமுன் நிறைவேற்றப்பட வேண்டிய காரியங்கள் பல உள்ளன.

முதலில் முன்மொழிவுக் குழுவொன்று அமைக்கப்பட வேண்டும். அதில் ஏழு பேருக்குக் குறையாமலும் இருபத்தேழு பேருக்கு மேற்படாமலும் உறுப்பினர்கள் இருக்க வேண்டும். அவர்கள் அனைவரும் வாக்குரிமை உடையோராக இருத்தல் அவசியம். அவர்களுடைய பெயர்களும் முகவரிகளும் கையொப்பப் படிவத்தில் அச்சிடப்படும். "பொதுமக்கள்" என்ற பெயரில் அநாமதேயமாக எவரும் இயங்க முடியாது. கோரிக்கைக்குப் பொறுப்பானவர்கள் யார் என்பதை ஒப்பமிடுபவர் அறிந்தே ஒப்பமிடுகின்றார்.

இரண்டாவதாக, முன்மொழிவின் வாசகம் எழுதப்பட வேண்டும். அது பொதுவான ஆலோசனையாகவும் இருக்கலாம். அரசியலமைப்பில் அப்படியே சேர்க்கத்தக்க திருத்தமான வாசகமாகவும் இருக்கலாம். பெரும்பாலானோர் பின்னைய வழியையே தெரிவு செய்கின்றனர். ஏனெனில் பொதுவான ஆலோசனை ஏற்கப்பட்டால் வாசகத்தை எழுதும் அதிகாரம் பாராளுமன்றத்தின் கைக்குச் சென்றுவிடும்.

மூன்றாவதாக, வாசகத்தையும் கையொப்பப் படிவத்தின் மாதிரியையும் தலைநகர் பேர்ணில் உள்ள சமஷ்டிச் செயலகத்திடம் முற்பரிசோதனைக்குச் சமர்ப்பிக்க வேண்டும். செயலகம் கோரிக்கை நல்லதா கெட்டதா என ஆராய்வதில்லை. படிவம் சட்டப்படி அமைந்துள்ளதா என்பதையே பார்க்கின்றது. எனினும், தலைப்பு மக்களைத் தவறாக வழிநடத்துவதாகவோ, வர்த்தக அல்லது தனிநபர் விளம்பரமாகவோ, குழப்பத்துக்கு இடமளிப்பதாகவோ இருந்தால் அதனை மாற்றும் அதிகாரம் செயலகத்துக்கு உண்டு. அத்துடன் வாசகம் ஜேர்மன், பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளில் ஒரே பொருளைத் தருகின்றதா என்பதும் சரிபார்க்கப்படுகின்றது. ஒரு மொழியில் ஒன்றும் மற்றைய மொழியில் வேறொன்றுமாகச் சட்டங்களும் சுற்றுநிருபங்களும் வெளிவருவதைக் கண்டு பழகிய எமக்கு இந்த ஏற்பாட்டின் முக்கியத்துவத்தை விளக்க வேண்டியதில்லை.

இவை நிறைவேறியதும் முன்மொழிவின் தலைப்பு, வாசகம், குழுவினரின் பெயர்கள் ஆகியன சமஷ்டி வர்த்தமானியில் வெளியிடப்படும். அன்றிலிருந்தே கடிகாரம் ஓடத் தொடங்குகின்றது. சரியாகப் பதினெட்டு மாதங்களுக்குள் ஒரு இலட்சம் செல்லுபடியான கையொப்பங்கள் சமர்ப்பிக்கப்பட வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும், ஒரு கையொப்பம் குறைந்தாலும் முன்மொழிவு தோல்வியடைந்ததாகவே கொள்ளப்படும்.

கையொப்பப் படிவமும் அத்தாட்சியும்

கையொப்பப் படிவத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதும் சட்டத்திலேயே கூறப்பட்டுள்ளது. ஒப்பமிடுவோர் வாக்காளராகப் பதிவுசெய்யப்பட்டுள்ள மாநிலமும் உள்ளூராட்சிப் பிரிவும், முன்மொழிவின் தலைப்பும் முழுமையான வாசகமும், வர்த்தமானியில் வெளியான திகதி, குழுவினரின் பெயர் விபரம், முன்மொழிவை மீளப்பெறும் அதிகாரம் குழுவுக்கு உண்டு என்ற குறிப்பு ஆகியன இடம்பெற வேண்டும். கையொப்பத்துக்காக இலஞ்சம் கொடுப்பதும் வாங்குவதும், கையொப்பங்களைப் போலியாக இடுவதும் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம் என்ற எச்சரிக்கையும் அச்சிடப்பட வேண்டும்.

ஒரு படிவத்தில் ஒரே உள்ளூராட்சிப் பிரிவைச் சேர்ந்தவர்கள் மாத்திரமே ஒப்பமிடலாம். வாக்காளர் தமது பெயரைத் தமது கையாலேயே தெளிவாக எழுதிக் கையொப்பமிட வேண்டும். பிறந்த திகதி, முகவரி முதலிய விபரங்களும் குறிப்பிடப்பட வேண்டும். குடும்பத் தலைவர் ஒருவர் வீட்டிலுள்ள அனைவருக்குமாக எழுதிவிட முடியாது. எழுத இயலாதவருக்கு மாத்திரம் வேறொரு வாக்காளர் உதவலாம். ஒரே முன்மொழிவுக்கு ஒருவர் ஒரு தடவைக்கு மேல் ஒப்பமிடவும் முடியாது.

திரட்டப்பட்ட படிவங்கள் அந்தந்த உள்ளூராட்சி அலுவலகத்துக்கு அனுப்பப்படுகின்றன. ஒப்பமிட்டவர் உண்மையிலேயே வாக்காளர் இடாப்பில் உள்ளவரா என்பதை அங்குள்ள உத்தியோகத்தர்கள் பரிசோதித்து அத்தாட்சிப்படுத்துகின்றனர். இதன் பின்னரே அவை சமஷ்டிச் செயலகத்தில் ஒரே தடவையில் சமர்ப்பிக்கப்படும். பரிசோதனையில் ஒரு பகுதி நிராகரிக்கப்படும் என்பதனால், ஒரு இலட்சத்துக்கு மேலாகப் பல்லாயிரம் கையொப்பங்களைத் திரட்டிக்கொள்வதே அனுபவமுள்ள குழுக்களின் வழமை.

இவ்வளவு கட்டுப்பாடுகள் இருந்தும் முறைமை குறைபாடற்றதன்று. கையொப்பம் ஒன்றுக்கு இவ்வளவு எனக் கூலி பெற்றுக்கொண்டு திரட்டிக் கொடுக்கும் நிறுவனங்கள் அங்கு தோன்றின. அவ்வாறு திரட்டப்பட்டவற்றுள் போலிகள் கலந்திருப்பதாக 2024 ஆம் ஆண்டில் பெரும் சர்ச்சை எழுந்தது. குற்றவியல் விசாரணைகளும் முன்னெடுக்கப்பட்டன.

சமர்ப்பித்ததன் பின்னர்

கையொப்பங்கள் போதுமானவை எனச் செயலகம் உறுதிப்படுத்தியதும் விடயம் அரசாங்கத்திடமும் பாராளுமன்றத்திடமும் செல்கின்றது. ஏழு உறுப்பினர்களைக் கொண்ட சமஷ்டிப் பேரவை ஒரு வருடத்துக்குள் தனது நிலைப்பாட்டைப் பாராளுமன்றத்துக்கு அறிவிக்க வேண்டும். மாற்று முன்மொழிவு தயாரிப்பதாயின் பதினெட்டு மாத அவகாசம் உண்டு. முன்மொழிவு சமர்ப்பிக்கப்பட்டு முப்பது மாதங்களுக்குள் பாராளுமன்றம் தனது தீர்மானத்தை எடுக்க வேண்டும். சில சந்தர்ப்பங்களில் இக்காலம் மேலும் ஒரு வருடத்தினால் நீடிக்கப்படலாம். அதன் பின்னர் பத்து மாதங்களுக்குள் மக்கள் வாக்கெடுப்பு நடத்தப்பட வேண்டும். ஆகவே, முதலாவது கையொப்பத்துக்கும் இறுதி முடிவுக்கும் இடையில் ஐந்து ஆண்டுகள் கடந்துவிடுவதும் உண்டு. கொதிநிலையில் பிறந்த கோரிக்கை ஆறுவதற்கு இது இடமளிக்கின்றது.

பாராளுமன்றத்தால் முன்மொழிவைத் தடுத்து நிறுத்த முடியாது. ஏற்குமாறோ நிராகரிக்குமாறோ மக்களுக்குப் பரிந்துரைக்கலாம். மாற்று முன்மொழிவையும் முன்வைக்கலாம். அப்போது வாக்காளர்கள் இரண்டுக்கும் "ஆம்" எனக் கூறலாம். இரண்டும் ஏற்கப்பட்டால் எதற்கு முன்னுரிமை என்பதை மூன்றாவது வினா தீர்மானிக்கும். பாராளுமன்றம் ஓரளவு இறங்கி வந்தது போதும் எனக் கருதினால், குழுவினர் பெரும்பான்மை முடிவின்படி முன்மொழிவை மீளப்பெறவும் முடியும்.

வெற்றி பெறுவதற்கு இரட்டைப் பெரும்பான்மை தேவை. வாக்களித்தோரில் பெரும்பான்மையினரும் மாநிலங்களில் பெரும்பான்மையும் ஆதரிக்க வேண்டும். மொத்தம் 26 மாநிலங்கள் உள்ளன. அவற்றுள் ஆறுக்கு அரை வாக்கு மாத்திரமே என்பதனால் மாநில வாக்குகளின் கூட்டுத்தொகை 23 ஆகும். 1891 இலிருந்து இருநூறுக்கு மேற்பட்ட முன்மொழிவுகள் வாக்கெடுப்புக்கு விடப்பட்டபோதிலும் ஏறத்தாழப் பத்தில் ஒன்றே வெற்றி பெற்றுள்ளது. சுவிற்சர்லாந்து ஐக்கிய நாடுகள் சபையில் இணைந்தது 2002 மார்ச்சில் ஏற்கப்பட்ட மக்கள் முன்மொழிவொன்றின் மூலமாகவே. முதியோருக்கு ஆண்டுதோறும் பதின்மூன்றாவது மாத ஓய்வூதியம் வழங்கும் முன்மொழிவு 2024 மார்ச்சில் வெற்றி பெற்றது. மக்கள் நலனுக்கு இக்கருவி பயன்பட்டமைக்கு இவை சான்றுகள்.

எதனைக் கேட்க முடியாது?

இனி, எமக்கு மிக முக்கியமான பகுதிக்கு வருவோம். அரசியலமைப்பின் 139 ஆவது உறுப்புரை மூன்று வரம்புகளை விதிக்கின்றது. வடிவ ஒருமை, விடய ஒருமை, எந்நிலையிலும் மீற முடியாத சர்வதேசச் சட்டத்தின் கட்டாய விதிகளுக்கு இசைவு என்பனவே அவை. இவற்றை மீறும் முன்மொழிவைப் பாராளுமன்றம் முழுமையாகவோ பகுதியாகவோ செல்லுபடியற்றதாகப் பிரகடனப்படுத்த வேண்டும். நிறைவேற்றவே முடியாததைக் கோருவதும் இவ்வாறே நிராகரிக்கப்பட்டுள்ளது. இராணுவச் செலவைக் குறைத்து அப்பணத்தை வேறு நோக்கங்களுக்கு ஒதுக்கக் கோரிய முன்மொழிவு, ஒன்றுக்கு மேற்பட்ட விடயங்களை ஒன்றாகப் பிணைத்துள்ளது என்ற காரணத்தினால் 1995 இல் நிராகரிக்கப்பட்டது.

இலங்கைத் தமிழர் உள்ளிட்ட புகலிடக் கோரிக்கையாளரைப் பாதிக்கத்தக்க ஒரு முன்மொழிவு இவ்வரம்பினாலேயே தடுக்கப்பட்டது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. சட்டவிரோதமாக நாட்டுக்குள் நுழைந்த புகலிடக் கோரிக்கையாளரை உடனடியாக நாடு கடத்த வேண்டும் எனக் கோரிய முன்மொழிவொன்று தேவையான கையொப்பங்களைப் பெற்றிருந்தது. ஆயினும், துன்புறுத்தலுக்கு உள்ளாகக்கூடிய நாட்டுக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பலாகாது என்பது சர்வதேசச் சட்டத்தின் கட்டாய விதி எனச் சுட்டிக்காட்டி, 1996 ஆம் ஆண்டில் பாராளுமன்றம் அதனைச் செல்லுபடியற்றதாக்கியது. ஒரு இலட்சம் கையொப்பங்களுக்கு மேலானதொரு விதி இருந்தமையினால் அது வாக்கெடுப்புக்கே செல்லவில்லை.

வரம்பு போதாதபோது

ஆனால், இந்த வரம்பு மிகக் குறுகியது. சித்திரவதை, இனப்படுகொலை, அடிமைத்தனம், ஆபத்துள்ள நாட்டுக்குத் திருப்பி அனுப்புதல் போன்றவற்றுக்கெதிரான விதிகள் அதற்குள் அடங்குகின்றன. மத சுதந்திரமும் பாரபட்சமின்மையும் முழுமையாக அதற்குள் வருவதில்லை. அந்த இடைவெளியினூடாகவே பெரும்பான்மையின் அச்சம் நுழைந்துள்ளது.

1891 இல் கிடைத்த புதிய உரிமையின் கீழ் முதன்முதலில் வாக்கெடுப்புக்கு வந்த முன்மொழிவு எது தெரியுமா? விலங்குகளை மயக்கமுறச் செய்யாமல் அறுப்பதைத் தடை செய்யும் முன்மொழிவு. 1893 ஆகஸ்ட் 20 ஆம் திகதி, வாக்களித்தோரில் ஏறத்தாழ 60 வீதத்தினர் அதனை ஏற்றனர். விலங்குகள் மீதான பரிவு காரணமாகக் கூறப்பட்டபோதிலும், யூதர்களின் சமய முறைப்படியான அறுப்பே அதன் இலக்காக இருந்தது. யூதர்கள் அந்நாட்டில் விரும்பிய இடத்தில் குடியிருக்கும் உரிமையைப் பெற்றதே 1866 இல்தான். பின்னர் இத்தடை அரசியலமைப்பிலிருந்து விலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாற்றப்பட்டு, இன்றளவும் நடைமுறையில் உள்ளது. அங்கு வாழும் முஸ்லிம்களையும் இது பாதிக்கின்றது. ஆடு, மாடுகளின் இறைச்சியை மயக்கமின்றி அறுத்த ஹலால் இறைச்சியாகப் பெற விரும்புவோர் இறக்குமதியையே நம்பியிருக்க வேண்டியுள்ளது.

நூற்றுப் பதினாறு ஆண்டுகளின் பின்னர் வரலாறு திரும்பியது. புதிய மினாராக்களைக் கட்டுவதைத் தடை செய்யக் கோரும் முன்மொழிவுக்கு 2007 மே மாதத்திலிருந்து கையொப்பங்கள் திரட்டப்பட்டன. 2008 ஜூலையில் ஒரு இலட்சத்துப் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட கையொப்பங்கள் சமர்ப்பிக்கப்பட்டன. அப்போது நாடு முழுவதிலும் மினாராவுடன் கூடிய பள்ளிவாசல்கள் நான்கு மாத்திரமே இருந்தன. அரசாங்கமும் பாராளுமன்றமும் நிராகரிக்குமாறு பரிந்துரைத்தன. கருத்துக் கணிப்புகளும் அது தோல்வியடையும் என்றே கூறின. ஆயினும் 2009 நவம்பர் 29 ஆம் திகதி 57.5 வீதத்தினர் "ஆம்" என வாக்களித்தனர். 23 மாநில வாக்குகளில் 19.5 ஆதரவாக அமைந்தன. ஜெனீவா, வோ, நியூசாத்தல் ஆகிய மாநிலங்களும் பாசல் நகர மாநிலமும் மாத்திரமே எதிர்த்தன.

இவ்விடத்தில் கவனிக்க வேண்டிய சில விடயங்கள் உள்ளன. குழு அமைத்தல், முற்பரிசோதனை, வர்த்தமானி, படிவம், அத்தாட்சி, காலக்கெடு ஆகிய சட்ட நிபந்தனைகள் யாவும் குறைவின்றி நிறைவேற்றப்பட்டன. மனித உரிமைகளுக்கான ஐரோப்பிய சமவாயத்துக்கு இம்முன்மொழிவு முரணானது என அரசாங்கமே கூறியபோதிலும், கட்டாய விதி எதனையும் மீறவில்லை என்பதனால் அது செல்லுபடியானதாகவே கொள்ளப்பட்டது. பாதிக்கப்பட்ட முஸ்லிம்களுள் பெரும்பாலானோர் அந்நாட்டுக் குடியுரிமை இல்லாதவர்கள். எனவே அவர்களால் ஒப்பமிடவும் முடியவில்லை, வாக்களிக்கவும் முடியவில்லை. தடையை எதிர்த்து ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தை நாடியோரின் மனுக்களும், அவர்கள் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர்கள் அல்லர் என்ற காரணத்தினால் 2011 இல் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. பொது இடங்களில் முகத்தை மூடுவதைத் தடை செய்யும் முன்மொழிவும் 2021 மார்ச் 7 ஆம் திகதி 51.2 வீத வாக்குகளால் நிறைவேறி, 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது.

பேர்ண் நகரில் 2014 டிசம்பரில் திறந்து வைக்கப்பட்ட சமயங்களின் இல்லத்தில், எமது மக்கள் வழிபடும் இந்துக் கோயிலும் பள்ளிவாசலும் ஒரே கூரையின் கீழ் அமைந்துள்ளன. கோபுரம் எழுப்பலாகாது என்று அந்நாட்டின் அரசியலமைப்பு கூறவில்லை. மினாரா எழுப்பலாகாது என்று கூறுகின்றது. ஆயினும், இன்று ஒருவரின் மினாராவுக்கு எதிராகத் திரட்டக்கூடிய ஒரு இலட்சம் கையொப்பங்களை நாளை இன்னொருவரின் கோபுரத்துக்கு எதிராகவும் திரட்ட முடியும் என்பதை இரு சாராரும் உணர்ந்திருத்தல் வேண்டும்.

நீதிமன்றம் தலையிட்டபோது வேறு விதமாகவும் நடந்ததுண்டு. லூசேர்ன் மாநிலத்தின் எம்மன் என்ற ஊரில் குடியுரிமை விண்ணப்பங்கள் மக்களின் இரகசிய வாக்கெடுப்புக்கு விடப்பட்டன. 2000 மார்ச்சில் நடைபெற்ற வாக்கெடுப்பில் இத்தாலிய வம்சாவளியினர் ஏற்கப்பட்டனர். முன்னாள் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தோர் நிராகரிக்கப்பட்டனர். காரணம் கூறாமல் ஒருவரின் குடியுரிமையை வாக்குச்சீட்டினால் மறுப்பது அரசியலமைப்புக்கு முரணானது என 2003 இல் சமஷ்டி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைப் புறந்தள்ள முயன்ற மக்கள் முன்மொழிவொன்று 2008 ஜூன் முதலாம் திகதி ஏறத்தாழ 64 வீத வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டது. பெரும்பான்மை எப்போதும் தவறிழைக்கும் என்பதல்ல இதன் பொருள். ஒருவரின் அடிப்படை உரிமை, அன்றைய தினம் பெரும்பான்மை என்ன மனநிலையில் இருக்கின்றது என்பதில் தங்கியிருக்கலாகாது என்பதே இதன் பொருள்.

எமது நாட்டின் நிலை

இலங்கை அரசியலமைப்பில் மக்கள் முன்மொழிவு உரிமை இல்லை. மக்களின் இறைமை தேர்தல் மூலமும் சர்வஜன வாக்கெடுப்பு மூலமும் பிரயோகிக்கப்படும் எனக் கூறப்பட்டபோதிலும், அவ்வாக்கெடுப்பைக் கோரும் அதிகாரம் மக்களிடம் இல்லை. தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததென ஜனாதிபதி கருதும் விடயத்தை அவரே 86 ஆவது உறுப்புரையின் கீழ் மக்களிடம் விடலாம். 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் கீழ் நாடளாவிய சர்வஜன வாக்கெடுப்பு ஒரு தடவை மாத்திரமே நடைபெற்றுள்ளது. 1982 டிசம்பர் 22 ஆம் திகதி பாராளுமன்றத்தின் ஆயுளை நீடிப்பதற்காக நடத்தப்பட்ட அவ்வாக்கெடுப்பில், ஏறத்தாழ 54.7 வீத வாக்குகளால் அரசாங்கம் வென்றது. யாழ்ப்பாண மாவட்ட மக்கள் மிகப் பெரும்பான்மையாக எதிர்த்து வாக்களித்தும் அது முடிவை மாற்றவில்லை.

குடிமக்களிடம் எஞ்சியிருப்பவை வேறு வழிகள். பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் மூலமாகப் பாராளுமன்றத்துக்கு மனுச் சமர்ப்பிக்கலாம்; அது பொது மனுக்கள் பற்றிய குழுவுக்கு அனுப்பப்படும். நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலினால் அடிப்படை உரிமை மீறப்பட்டால், 126 ஆவது உறுப்புரையின் கீழ் ஒரு மாத காலத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். சட்டமூலமொன்று அரசியலமைப்புக்கு முரணானதெனக் கருதும் எந்தப் பிரஜையும், 121 ஆவது உறுப்புரையின் கீழ் குறித்த குறுகிய காலத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்து, அதன் பிரதியைச் சபாநாயகருக்கும் கையளித்து அதனைச் சவாலுக்கு உட்படுத்தலாம். சட்டம் நிறைவேறியதன் பின்னர் இந்த வாய்ப்பு இல்லை. இவற்றுக்கு ஒரு இலட்சம் கையொப்பங்கள் தேவையில்லை, ஒருவர் போதும். எண்ணிக்கையிற் குறைந்தோருக்கு இதுவே பெரும் பலம்.

இவ்வழிகள் எப்போதும் பலனளிப்பதில்லை என்பதும் உண்மையே. கொவிட் தொற்றினால் உயிரிழந்தோரின் ஜனாஸாக்களைக் கட்டாயமாகத் தகனம் செய்வதற்கு எதிராகத் தாக்கல் செய்யப்பட்ட அடிப்படை உரிமை மனுக்களை, 2020 டிசம்பர் முதலாம் திகதி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளவில்லை. நல்லடக்கத்துக்கான அனுமதி 2021 பெப்ரவரி இறுதியிலேயே வர்த்தமானி மூலம் கிடைத்தது. ஆயினும் ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். அந்த நாட்களில் எமது நாட்டில் மக்கள் முன்மொழிவு உரிமை இருந்து, நல்லடக்கத்தை நிரந்தரமாகத் தடை செய்யுமாறு எவரேனும் கையொப்பம் திரட்டியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? வர்த்தமானியை மாற்றுவது எளிது. அரசியலமைப்பில் ஏறிய வாசகத்தை மாற்றுவதற்கு மீண்டும் பெரும்பான்மையிடமே செல்ல வேண்டும்.

2024 ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் எமது நாட்டின் பதிவுசெய்யப்பட்ட வாக்காளர் தொகை ஏறத்தாழ ஒரு கோடியே 71 இலட்சம். சுவிற்சர்லாந்தின் விகிதப்படி கணக்கிட்டால் மூன்று இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட கையொப்பங்கள் போதும். அத்தொகையை வடக்கு, கிழக்கு, மலையக மக்களாலும் திரட்ட முடியும். இனவாதத்தைத் தொழிலாகக் கொண்டோராலும் திரட்ட முடியும். ஆனால் வாக்கெடுப்பில் வெல்லும் வலு இரு தரப்பினருக்கும் சமமானதன்று. மாகாணங்களின் பெரும்பான்மையும் தேவை என்ற இரட்டைப் பெரும்பான்மை ஏற்பாடும் எம்மைக் காப்பாற்றாது. ஏனெனில் ஒன்பது மாகாணங்களுள் ஏழில் பெரும்பான்மை இனத்தவரே பெரும்பான்மையாக உள்ளனர். மினாரா வாக்கெடுப்பிலும் மாநிலங்களின் பெரும்பான்மை என்ற அரண் பயன்படவில்லை.

ஆகவே, புதிய அரசியலமைப்புப் பற்றிய பேச்சுக்களில் மக்கள் முன்மொழிவு உரிமை பற்றிய யோசனை எப்போதாவது முன்வைக்கப்படுமாயின், அதனை எடுத்த எடுப்பிலேயே நிராகரிக்கவும் வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு வரவேற்கவும் வேண்டியதில்லை. மூன்று நிபந்தனைகளை நாம் வலியுறுத்த வேண்டும். முதலாவது, மத சுதந்திரம், மொழியுரிமை, சமத்துவம் உள்ளிட்ட அடிப்படை உரிமைகளைக் குறைக்கும் எந்த முன்மொழிவும் வாக்கெடுப்புக்கு விடப்படலாகாது. இரண்டாவது, அவ்வாறு குறைக்கின்றதா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது அரசியல்வாதிகளைக் கொண்ட பாராளுமன்றம் அன்று, நீதிமன்றமே. மூன்றாவது, அந்தத் தீர்மானம் கையொப்பம் திரட்டுவதற்கு முன்னரே எடுக்கப்பட வேண்டும். சுவிற்சர்லாந்தில் பாராளுமன்றம் இதனை ஆராய்வது கையொப்பங்கள் திரட்டப்பட்டதன் பின்னரே. ஒரு இலட்சம் பேர் ஒப்பமிட்டதன் பின்னர் செல்லாது எனக் கூறும் துணிவு அரசியல்வாதிகளுக்கு எளிதில் வருவதில்லை.

கையொப்பத்துக்குச் சட்டப் பெறுமதி இருக்க வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பே. தெருவோரத்தில் வெயிலில் நின்று ஒப்பமிடும் தாயின் கையெழுத்து அலுமாரியில் தூசி படியலாகாது. எனினும், அந்தத் தாயின் கோரிக்கைக்குக் கதவைத் திறக்கும் சட்டம், அவரது மகனின் உரிமையைப் பறிக்க வருவோருக்கும் அதே கதவைத் திறந்து விடுவதாக அமைந்துவிடக் கூடாது. சுவிற்சர்லாந்தின் நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அனுபவம் எமக்கு உணர்த்தும் உண்மை இதுவேயாகும்.